முதற் பந்தியில் ஒரு கல்லூரி

உயர்தரம் படிக்கிற இளந்தாரி ஒருவன் முதலாம் வகுப்புப் பிள்ளையின் வாங்குப் பலகையில் இருந்தால் எப்படி இருக்கும் தெரியுமா? முழங்கால் இரண்டும் காதடிக்கு வந்துவிடும். கொப்பியை மடியில் வைக்க இடமிருக்காது. முழங்கால் மேல் வைத்துத்தான் எழுதவேண்டும்.

அப்படி ஒரு வகுப்பு முழுவதையும் ஒரு நாள் காலை வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். சைக்கிளின் பின்னால் கத்தரிக்காய்ச் சாக்கு. சந்தைக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டேன். உள்ளே ஒரு மாஸ்டர் கரும்பலகையில் எனக்கு விளங்காத ஏதோ கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைச் சேட்டுப் போட்ட இளந்தாரிகள் மாரிகாலத்துத் தவளைகள்போலக் குந்தியிருந்து எழுதினார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நின்றுவிட்டது. ஏனென்றால் அவை எங்கள் பள்ளிக்கூடத்து வாங்குகள்.

போன கிழமை, என் பிள்ளைகளுக்கு எழுதும் இந்தக் கதைகளில், மண்ணெண்ணெய் இல்லாமல் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் பட்ட பாட்டை எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டு என் மகள் வசந்தி தொலைபேசி எடுத்தாள். "அப்பா, எங்கடை பள்ளிக்கூடத்தையும் எழுதுங்கோ. நான் வகுப்பிலை நித்திரை கொண்டதை மட்டும் விட்டிடுங்கோ" என்றாள். பிள்ளை, நீ கோபிக்கக்கூடாது. அதை விட ஏலாது.

வகை மூன்று

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனால் சண்டிலிப்பாயிலிருந்து யாழ்ப்பாணம் சந்தைக்கு மரக்கறி கட்டிக்கொண்டு போகிறவனுக்கு வழியிலுள்ள பள்ளிக்கூடங்களெல்லாம் தெரியும். எந்த மதிலடியில் நிழல் கிடைக்கும், எந்தப் பள்ளிக்கூடத்துக் கிணற்றில் தண்ணீர் நல்லது என்று கேட்டால் இன்றும் சொல்வேன்.

அநேகமான பள்ளிக்கூடங்களில் வாத்தியார்மாரின் சம்பளம் அரசாங்கத்தின் ஒரே பெட்டியிலிருந்துதான் வந்தது. புத்தகம் இலவசம், படிப்பு இலவசம். ஆனால் எல்லாம் ஒன்றல்ல. விஞ்ஞானத்தோடு உயர்தரம் வரை உள்ளதை 1ஏபி என்பார்கள். கலையும் வர்த்தகமும் மட்டும் உள்ளது 1சி. பதினோராம் வகுப்போடு நிற்பது வகை இரண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ளது வகை மூன்று. வகை ஏற ஏற வாத்தியார்மாரும் கூடுவார்கள், ஆய்வுகூடம் வரும், விளையாட்டு மைதானம் வரும். வகை இறங்க இறங்க அதிபரே வகுப்பும் எடுத்து, கூரை ஒழுக்குக்கு வாளியும் வைப்பார்.

வட்டுக்கோட்டைப் பக்கம் போனால் வெள்ளைக்காரர் காலத்துக் கல் கட்டடம் நிற்கும். அறுபதுகளின் தொடக்கத்தில் மிஷனும் சைவச் சபைகளும் நடத்திய பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்தபோது, பெரியவை சில, எங்களை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று வெளியே நின்றன. குருநகர்ப் பக்கம் கடற்கரைப் பிள்ளைகள் மீன் மணத்தோடு ஓடிவருகிற பள்ளிக்கூடத்துக்கு அரசாங்கப் பலகை வந்த பிறகும், மணி கோயில் மணியோடு சேர்ந்துதான் அடிக்கும்.

முஸ்லிம் சனம் இருந்த சோனகத் தெருப் பக்கமும் ஒரு பள்ளிக்கூடம். அந்தத் தெருவில் எனக்கு ஒரு வாடிக்கைக்கார உம்மா இருந்தார். வெண்டிக்காயை முறித்துப் பார்க்காமல் வாங்கமாட்டார். தொண்ணூறாம் ஆண்டு இயக்கம் அந்தச் சனத்தைக் கையில் அகப்பட்டதோடு போகச் சொன்ன பிறகு, நான் அந்தத் தெருவால் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன். பள்ளிக்கூடக் கேற்றில் பூட்டுத் தொங்கியது. வாத்தியாரும் பிள்ளையும் இல்லாத பள்ளிக்கூடம் எந்த வகை என்று யாரைக் கேட்பது?

ஒழுங்கை என்கிற எங்கள் ஒடுங்கிய தெருவின் பள்ளிக்கூடம் வகை மூன்று. ஒரு நீளக் கட்டடம், தகரக் கூரை, ஒரு வேப்பமரம், மணிக்குப் பதிலாகத் தண்டவாளத் துண்டு.

கூரைக்கு முன் வந்த வாங்கு

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னுக்குப் போகவேண்டும்.

எனக்கு ஓர் அண்ணை இருந்தார். அவர் படித்த காலத்தில் எங்கள் ஒழுங்கைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. பெரிய றோட்டிலுள்ள பள்ளிக்கூடத்துக்குத்தான் போனார். சாதி பாராமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் என்று சட்டம் எப்போதோ வந்துவிட்டது. சட்டம் அரசாங்கக் கந்தோரிலிருந்து புறப்பட்டது, எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் வந்து சேரவில்லை. மற்றப் பிள்ளைகள் வாங்கில். எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் நிலத்தில், சாக்கில்.

ஒரு நாள் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று அண்ணையை வாங்கில் இருத்தினார்கள். அவர் போனதும் மறுபடி இறக்கினார்கள். அண்ணை அன்றைக்குச் சாக்கைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பிறகு எந்தப் பள்ளிக்கூடப் படியும் ஏறவில்லை. "ஏத்தாமல் விட்டிருந்தா நான் பேசாமல் இருந்திருப்பன்ரா. ஏத்திப்போட்டு இறக்கினதுதான்" என்று சாகும்வரை சொல்வார்.

அதனால்தான் எங்கள் ஒழுங்கைக்கு என்று ஒரு பள்ளிக்கூடம் கிடைத்தபோது, சனம் கூரை போடுவதற்கு முன் வாங்கு செய்தது. அரசாங்கம் பள்ளிக்கூடத்துக்கு அனுமதி தந்தது, வாத்தியாரைத் தந்தது. காணியும் கல்லும் எங்கள் சனம் கொடுத்தது. பனைமரம் அரிந்து தச்சு வேலைக்காரர் வாங்கு செய்தார்கள். ஒரு மாரி முழுவதும் அந்த வாங்குகள் கூரையில்லாமல் நனைந்தன. மழை விட்டதும் அம்மாமார் சீலைத் தலைப்பால் துடைத்துவிட, பிள்ளைகள் ஏறி இருந்தார்கள். சிராய் ஏறாத பிள்ளை இல்லை. நானும் அங்கேதான் படித்தேன். என் தொடையிலும் ஒன்று ஏறியது.

அந்த வாங்குகளில்தான் இப்போது இளந்தாரிகள் தவளைபோல இருந்தார்கள்.

செருப்பு இரண்டு விதம்

வலிகாமத்தின் வடக்கு ஊர்களில் ஷெல் விழ விழச் சனம் தெற்கே வந்துகொண்டிருந்த காலம். சனத்தோடு பள்ளிக்கூடங்களும் வந்தன. அப்படி, முதலில் ஒரு ஊரில் இருந்து, அங்கேயும் இருக்க முடியாமல், இரண்டாம் முறை பெயர்ந்து எங்களிடம் வந்தது கல்லூரி என்று பெயர் கொண்ட ஒரு பெரிய பள்ளிக்கூடம். 1ஏபி. மாடிக் கட்டடமும் ஆய்வுகூடமும் இருந்த கல்லூரி. இப்போது அதனிடம் இருந்தது பிள்ளைகளும் வாத்தியார்மாரும் ஒரு வண்டில் சாமானும்தான்.

எங்கள் பள்ளிக்கூட அதிபர் திரவியம் ரீச்சர் பெற்றோரைக் கூப்பிட்டார். வேப்பமரத்தடியில் கூடினோம். "கந்தோராலை அனுப்பியிருக்கினம். நாங்கள் காலமை நடத்துவம். அவை பின்னேரம் நடத்துவினம்" என்றார்.

கல்லூரி அதிபர் தம்பிராசா ஐயா ஓர் ஓரமாக நின்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட்டு, மடிப்புக் கலையவில்லை. கீழே பார்த்தேன். ஒரு காலில் தோல் செருப்பு. மற்றக் காலில் றப்பர் செருப்பு. ஓடிவந்தபோது எது அகப்பட்டதோ அது.

செருப்பை நான் மட்டும் பார்க்கவில்லை. எனக்குப் பின்னாலிருந்து உங்கள் அம்மா பூமணி எழும்பினாள்.

"ரீச்சர், நான் ஒண்டு சொல்லட்டோ? வந்த சனத்தைப் பின்னேரத் தகரச் சூட்டுக்கை இருத்திப்போட்டு, எங்கடை பிள்ளையள் காலமைக் காத்திலை இருந்து படிக்கிறதோ? கலியாண வீட்டிலை வந்தவையைத்தானே முதல் பந்தியிலை இருத்துறம். காலமையை அவை எடுக்கட்டும்."

ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. எங்கள் சனத்திடம் இது ஒரு பழக்கம். பந்தியில் வந்தவரை இருத்திவிட்டு, வீட்டுக்காரர் கடைசியில் கறிச்சட்டியை வழித்துச் சாப்பிடுவார்கள். அதோடு இன்னொன்றும் இருந்தது. எழுதுவதில் என்ன? ஒரு காலத்தில் எங்களுக்கு வாங்கு தராத ஆட்களுக்கு, எங்கள் வாங்கைக் கொடுக்கிற பெருமையும் எல்லோர் முகத்திலும் தெரிந்தது.

"பூமணி சொன்னது சரி" என்றார் பக்கத்து வீட்டு மணியண்ணை. "எங்கடை பிள்ளையள் வீட்டிலை காலமை ஆட்டுக்குக் குழையாவது ஒடிச்சுப் போடுங்கள்."

தம்பிராசா ஐயா கை கூப்பினார்.

பின்னேரம்

பின்னேரம் என்றால் என்ன என்று பிறகுதான் எங்களுக்கு விளங்கியது.

தகரத்துக்குக் கீழே மதியம் தாண்டிய சூடு அடுப்படிச் சூடுபோல. முதலாம் வகுப்பில் அரைவாசி நித்திரை. வசந்தி அந்த வருடம்தான் சேர்ந்தவள். அவள் வாங்கில் கன்னத்தை வைத்தால் எழும்பமாட்டாள். திரவியம் ரீச்சர் குடத்தில் கையை நனைத்து வந்து கன்னத்தில் வைத்து எழுப்புவார். வீட்டுக்கு வரும்போது கன்னத்தில் வாங்கின் கோடு இருக்கும்.

குண்டு போடும் பொம்மர் விமானமும் பின்னேரங்களில் அடிக்கடி வந்தது. சத்தம் கேட்டதும் பிள்ளைகள் பங்கர்க் குழிக்குள் இறங்கவேண்டும். ஏறிவந்தால் பாடம் மறந்துபோயிருக்கும். ஐப்பசி பிறந்து மழை இருட்டுக் கட்டினால் நேரத்தோடு எழுத்துத் தெரியாமல் போய்விடும். விளக்கு வைக்க எண்ணெய்க்கு எங்கே போவது?

ஆனால் குறை சொல்ல வாய் வராது. காலையில் போன இளந்தாரிகள் வாங்குகளைத் துடைத்து, நிலம் கூட்டி, குடத்தில் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டுத்தான் போவார்கள். ஒரு பிள்ளை கரும்பலகை மூலையில் தினமும் சின்னாக்களுக்கென்று ஒரு படம் கீறி வைக்கும். ஒரு நாள் அணில், ஒரு நாள் ஆமை. எது இருக்கும் என்று பார்க்கவே எங்கள் பிள்ளைகள் ஓடினார்கள்.

கந்தோர் ஐயா

கல்விக் கந்தோரிலிருந்து ஓர் அதிகாரி ஒரு நாள் காலை சைக்கிளில் வந்தார். எத்தனையோ பள்ளிக்கூடங்களுக்கு இடம் தேடித் தேடிக் களைத்த மனிதர். அவரும் இடம்பெயர்ந்தவர்தான். திரவியம் ரீச்சர் கொடுத்த வெறுந்தேத்தண்ணியைப் பனங்கட்டியோடு குடித்துவிட்டுச் சுற்றிப் பார்த்தார். காலையில் அந்தக் கட்டடத்தில் அவர் கண்டது முழுக்க முழுக்கக் கல்லூரி.

"ரீச்சர், ஒரு கட்டடத்திலை இரண்டு அதிபர், இரண்டு பள்ளிக்கூடம் என்னத்துக்கு? உங்கடை பிள்ளையளைக் கல்லூரியின்ரை ஆரம்பப் பிரிவாச் சேர்த்துவிடுவம். வகை மூண்டிலை இருந்த பிள்ளையள் ஒரே நாளிலை 1ஏபிப் பிள்ளையள். நல்லதுதானே?"

அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. சின்னப் பள்ளிக்கூடங்களைப் பெரியவற்றோடு கொத்தாகச் சேர்த்து நடத்தும் திட்டம் முன்னமே இருந்தது. அடுத்த கிழமை காலை மறுபடி வந்து முடிவு செய்வதாகச் சொன்னார். போகும்போது ஒரு வார்த்தை விட்டார்.

"காலமையிலை எந்தப் பள்ளிக்கூடம் நடக்குதோ, அதுதான் அந்தக் கட்டடத்துப் பள்ளிக்கூடம் எண்டு நாங்கள் எடுக்கிறது. காலமையே தேவையில்லாத பள்ளிக்கூடத்தைத் தனியா வைச்சிருக்கச் சொல்லி நான் எப்பிடி எழுதுறது?"

ஒழுங்கை முழுவதும் கதை பரவியது. மணியண்ணைக்குப் பெரிய சந்தோசம். "இனி என்ரை பெட்டை கல்லூரிப் பிள்ளை! சீதனத்தைக் குறைச்சுக் கதைக்கலாம்!" என்று கிணற்றடியில் நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

திரவியம் ரீச்சர்தான் வீடு வீடாக வந்து விளக்கினார். "மணியண்ணை, கல்லூரி இஞ்சை தங்க வரேல்லை. ஒரு நாளைக்கு அவை தங்கடை ஊருக்குப் போவினம். இல்லாட்டி வேறை இடம் போவினம். போகேக்கை கல்லூரியும் போகும், ஆரம்பப் பிரிவும் போகும். பிறகு இந்த ஒழுங்கையிலை மிஞ்சிறது தகரக் கொட்டில்தான். மூடின பள்ளிக்கூடத்தை ஆர் திருப்பித் திறந்து தருவினம்?"

மணியண்ணையின் சிரிப்பு நின்றது. "அப்ப எங்கடை குஞ்சுகள் திருப்பியும் பெரிய றோட்டுக்கோ?"

எல்லோரும் என் அண்ணையின் சாக்கை நினைத்திருப்பார்கள். நான் நினைத்தேன்.

வழி ஒன்றுதான் இருந்தது. அதிகாரி வருவதற்கு முன் காலையைத் திருப்பிக் கேட்கவேண்டும். ஆனால் யார் கேட்பது? எப்படிக் கேட்பது?

"நீர்தானே பந்தியிலை இருத்தினனீர், நீரே போய் எழுப்பும்" என்றார் மணியண்ணை உங்கள் அம்மாவிடம்.

"சாப்பாட்டிலை கை வைச்ச மனிசரை எழுப்புறதோ? எங்கையாவது நடக்கிற காரியமே?" அவள் அழவில்லை. சுளகை எடுத்து, ஏற்கெனவே புடைத்த அரிசியை மறுபடி புடைத்தாள்.

ஒரு கதிரை

அடுத்த நாள் பின்னேரம் நாங்கள் இரண்டு பேரும் தம்பிராசா ஐயாவைப் பார்க்கப் போனோம். உங்கள் அம்மா ஒரு பை முருங்கைக்காய் எடுத்துக்கொண்டாள்.

அவரும் மனைவியும் குடியிருந்தது புகையிலை கட்டிவைக்கிற கொட்டிலில். புகையிலையை எடுத்துவிட்டார்கள். காரம் மட்டும் சுவரில் இருந்தது. வாசலில் நிற்கவே மூக்குக் கடித்தது. ஐயா இரண்டு சொல்லுக்கு ஒரு தும்மல் தும்மினார்.

உள்ளே ஒரே ஒரு கதிரை. அவர் அதிலிருந்து எழும்பி, "இருங்கோ அம்மா" என்றார்.

"ஐயோ, நீங்கள் இருங்கோ ஐயா."

"வந்த ஆக்கள் நீங்கள். இருங்கோ."

"நாங்கள் ஊர் ஆக்கள். நீங்கள்தான் வந்த ஆக்கள்."

என்னையும் இரண்டு பேரும் பார்த்தார்கள். நான் சைக்கிள் ஓடிவந்த இடுப்பு, நின்றால்தான் சுகம் என்றேன். கடைசியில் மூன்று பேரும் நின்றோம். கதிரை நடுவில் இருந்தது.

உங்கள் அம்மா வெங்காய விலையைக் கதைத்தாள். கிணற்றுத் தண்ணீரைக் கதைத்தாள். ஐயாவின் மனைவிக்குக் காரத்தால் வருகிற இழுப்புக்குத் தூதுவளைச் சாறு சொன்னாள். வந்த காரியம் மட்டும் வாயில் வரவில்லை. நான் இருமினேன். அவள் என்னை முறைத்தாள்.

போக எழும்ப வேண்டியதில்லை, நின்றுகொண்டுதானே இருந்தோம். "அப்ப வாறம் ஐயா" என்று வாசலுக்கு வந்த பிறகு, திரும்பாமலே சொன்னாள்.

"எங்கடை பிள்ளையளுக்குப் பின்னேரம் நித்திரை வருது, ஐயா."

அவ்வளவுதான். அவருக்கு விளங்கிவிட்டது. முகத்தைத் துடைத்தார்.

"அம்மா, கந்தோரிலை எனக்கும் சொன்னவை. உண்மையைச் சொல்லுறன். எங்களுக்கு அது வசதி. உங்கடை பிள்ளையளும் எங்கடை கணக்கிலை வந்தா, இந்தக் கட்டடம் எங்களுக்கு எண்டு எழுத்திலை வரும். இன்னொருக்கா எழும்பு எண்டு ஒருத்தரும் சொல்லேலாது. இரண்டு தரம் எழும்பிட்டம். மூண்டாம் தரம் எழும்ப என்ரை பிள்ளையளாலை ஏலாது."

அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. வந்தவனுக்கு ஓர் இடம் வேண்டும். இருந்தவனுக்கு இருந்த இடம் வேண்டும். இடமோ ஒன்று.

அவர் தும்மினார். பிறகு கேட்டார்: "உங்கடை பள்ளிக்கூடத்துக்கு முழுப்பெயர் என்ன? வந்த நாள் தொடக்கம் ஒழுங்கைப் பள்ளிக்கூடம் எண்டுதான் எல்லாரும் சொல்லினம். பலகை மழையிலை அழிஞ்சுபோச்சு."

உங்கள் அம்மா நிமிர்ந்தாள். ஊர்ப் பெயரில் தொடங்கி, ஒழுங்கைப் பெயரையும் சொல்லி, "அரசினர் தமிழ்க் கலவன் பாடசாலை" என்று முடித்தாள். தேவாரம் சொல்வதுபோல ஒரு சொல் விடாமல் சொன்னாள். நாங்கள் படித்த காலத்தில் காலை வணக்கத்தின்போது தினமும் சொல்லுகிற பெயர் அது.

ஐயா அதை ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "நல்ல நீளப் பெயர்" என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் உங்கள் அம்மா, "அவரின்ரை மனம் நோகக் கதைச்சுப்போட்டன்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். "நீ கதைச்சது ஒரு வசனம்தானே" என்றேன். "நீங்கள் அதுவும் கதைக்கேல்லை" என்றாள்.

படலையடியில்

அதிகாரி வரவேண்டிய காலை. நான் சந்தைக்குப் போகவில்லை. கட்டிய சாக்கோடு சைக்கிளைப் பள்ளிக்கூட வேலியில் சாத்திவிட்டு நின்றேன். உங்கள் அம்மா வசந்தியைக் குளிக்க வார்த்து, தலை இழுத்து, சீருடை போட்டுக் கூட்டிக்கொண்டு வந்தாள். "சும்மா வாங்கோ, பாப்பம்" என்று எல்லா அம்மாமாருக்கும் சொல்லியிருந்தாள். சின்னாக்கள் எல்லோரும் ஒழுங்கையில் நின்றார்கள். என்ன நடக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது.

கல்லூரிப் பிள்ளைகளும் வந்தார்கள். வெள்ளை வெள்ளையாக வந்து, படலையடியில் நின்றுவிட்டார்கள். உள்ளே போகவில்லை. படலையை மறித்துக்கொண்டு தம்பிராசா ஐயா நின்றார். ஒரு காலில் தோல் செருப்பு, ஒரு காலில் றப்பர்.

மணியண்ணை என் காதில், "மனிசன் உள்ளுக்கு விடமாட்டார் போல. நல்லா இருத்தினாள் உன்ரை பெண்சாதி" என்றார்.

அதிகாரி சைக்கிளை விட்டு இறங்கினார். "என்ன சேர், பிள்ளையள் வெளியிலை நிக்கினம்? மணி அடிக்கேல்லையோ?"

தம்பிராசா ஐயா திரவியம் ரீச்சரின் பக்கம் திரும்பினார். அங்கே நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி, எங்கள் பள்ளிக்கூடத்தின் முழுப்பெயரையும் ஒரு சொல் விடாமல் சொன்னார். சொல்லிவிட்டுக் கேட்டார்:

"அந்தப் பள்ளிக்கூடத்தின்ரை அதிபர் நீங்கள். எங்கடை பிள்ளையளுக்குப் பின்னேரத்திலை இருந்து படிக்க இடம் தருவியளோ, ரீச்சர்?"

"ஓம் சேர்" என்றார் ரீச்சர். பிறகு சத்தமாக, "ஓம்! கட்டாயம்!" என்றார்.

அதிகாரி கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்தார். "சேர், யோசிச்சோ சொல்லுறியள்? உங்கடை உயர்தரப் பிள்ளையளுக்கு இந்தச் சூடு..."

"எங்கடை பிள்ளையள் எத்தினையோ தாண்டி வந்ததுகள். சூடு பெரிசில்லை." பிறகு கொஞ்சம் குரல் தாழ்த்தினார். "ஒரு பள்ளிக்கூடம் ஊரில்லாமல் நிக்கிறது போதும், ஐயா. இரண்டாக்கவேண்டாம்."

"அப்ப முந்தியைப் போலை வகை மூண்டு எண்டே இருக்கட்டும். தனியா" என்றார் அதிகாரி. தேத்தண்ணி கேட்டார். அன்றைக்குப் பனங்கட்டி இரண்டு கொடுத்தார்கள்.

தம்பிராசா ஐயா படலையை விட்டு விலகினார். எங்கள் பிள்ளைகள் ஓடினார்கள். வெள்ளைச் சேட்டுகள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழி விட்டன. யாரோ தண்டவாளத்தில் அடிக்க, வசந்தி முதல் வாங்கில் ஏறியிருந்து காலை ஆட்டினாள்.

உங்கள் அம்மா சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். மணியண்ணை சும்மா விடவில்லை. "என்ன பூமணி, பந்தியிலை இருந்த மனிசர் தானா எழும்பி, இலையையும் எடுத்துக்கொண்டு போறார்!"

"வாயைப் பொத்துங்கோ அண்ணை. போய்க் கிடுகு பின்னுங்கோ" என்றாள் அவள்.

உண்மையாகவே தென்னோலையில் கிடுகு பின்னினோம். அந்தக் கிழமை ஆண்கள் எல்லோரும் தகரத்தின் மேல் கிடுகு பரப்பிக் கட்டினோம். சூடு முழுவதும் போகவில்லை. ஆனால் இறங்கியது. பின்னேரப் பள்ளிக்கூடம் தொடங்கும் முன் ஒவ்வொரு வீடும் முறை வைத்துக் குடம் நிரப்பி வைத்தது. கரும்பலகையில் மட்டும் மாற்றம். இப்போது சின்னாக்கள் பெரியாக்களுக்குப் படம் கீறிவிட்டுப் போனார்கள். வசந்தியின் யானைக்கு ஐந்து கால் இருந்ததாம். அழிக்காமல் வைத்துப் பக்கத்தில் பாடம் நடத்தினார்களாம்.

பெயர்ப் பலகை

அதற்குச் சில வருடங்களுக்குப் பிறகு ஒரு மழை நாளில் வலிகாமம் முழுவதும் ஊரை விட்டு எழும்பியது. அந்தக் கதையைத் தனியாகத்தான் எழுதவேண்டும். எழுத மனம் வரும்போது எழுதுவேன். நாங்களும் தென்மராட்சிக்குப் போனோம். என் சைக்கிளில் அரிசி மூட்டை, ஒரு பானை, நனைந்த வசந்தி. திரவியம் ரீச்சரின் சைக்கிளில் பெயர்ப் பலகை. புதிதாக எழுதிய பலகை. முழுப்பெயரும் அதில் இருந்தது.

வந்த சனம் தங்கியிருந்ததால் அங்கத்தைய பள்ளிக்கூடங்களும் மூடிக் கிடந்தன. கொஞ்சம் கொஞ்சமாகச் சனம் கொட்டில்களுக்குப் போக, ஒரு தென்னந்தோப்புப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம் திறந்தது. அதுவும் எங்களைப்போல வகை மூன்று. எங்கள் பிள்ளைகளுக்கும் இடம் தருவதாகச் சொன்னார்கள். பெற்றோர் கூடினார்கள். நாங்கள் ஓர் ஓரமாக நின்றோம். எங்கள் கால்களில் என்ன செருப்பு இருந்தது என்று எனக்கு நினைவில்லை. அவர்களில் யாரோ பார்த்திருப்பார்கள்.

ஏனென்றால் ஒரு பெண் எழும்பினாள். இடுப்பில் கைக்குழந்தை. "பாவம், வந்த சனம் வெய்யிலுக்கை இருக்கிறதோ? காலமையை அவை எடுக்கட்டும். நாங்கள் பின்னேரம் வைப்பம்" என்றாள். அவளைச் சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள்.

உங்கள் அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு கூட்டத்துக்குள் போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள்.

"வேண்டாம் தங்கச்சி. எங்களுக்குப் பின்னேரம் போதும். நீங்கள் காலமையை ஒருத்தருக்கும் குடுத்துப்போடாதேங்கோ. கேட்டாலும் குடுக்காதேங்கோ."

அந்தப் பெண் அதை வெறும் மரியாதைப் பேச்சு என்று நினைத்திருப்பாள். இரண்டு மூன்று தரம் வற்புறுத்தினாள். உங்கள் அம்மா விடவில்லை.

முதல் நாள் பின்னேரம் நான் வெளியே ஒரு தென்னையின் கீழ் நின்று உள்ளே பார்த்தேன். முன் வாங்கில் வசந்தி கன்னத்தை வைத்து நித்திரையாகியிருந்தாள். வளர்ந்துவிட்டாள், கால் நிலத்தில் முட்டியது. திரவியம் ரீச்சர் குடத்தில் கையை நனைத்துக்கொண்டு வந்தார். பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார்.

பிறகு ஈரக் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு, சத்தத்தைக் குறைத்துப் பாடத்தைத் தொடர்ந்தார்.